பக்கத்து வாட்டும் தூரத்துக் கிலோவாட்டும்

பெரணமல்லூரில் எங்கள் தறிக்கு மேலே உத்தரத்தில் ஒரு ரேடியோ தொங்கும். அதன் ஆண்டெனா முனையில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, ஓட்டைத் தாண்டி மூங்கில் கழியில் கட்டியிருந்தார் அப்பா. சென்னை பண்பலை எடுக்கத்தான் இத்தனை பாடு. நேர்கோட்டில் பார்த்தால் நூறு கிலோமீட்டர். விடியற்காலையில் துல்லியமா கேட்கும், வெயில் ஏறினால் இரைய ஆரம்பிக்கும்.

மூன்று வீடு தள்ளி ஒரு பையன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகக் குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்தான். ஒருநாள் பாட்டு நடுவில் சட்டென்று நின்று, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றது ரேடியோ. "டேய், சென்னைக்காரன் எங்கடா போனான்?" என்றார் அப்பா. எனக்கு ஆச்சரியம் வேறு. பழைய மத்திய அலையில் இரண்டு நிலையங்கள் மோதினால் இரண்டும் கலந்து கேட்கும். இங்கே சென்னையின் சுவடே இல்லை.

எஃப்.எம்.மின் குணம் அது. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால், வலுவானதை மட்டும் ரேடியோ பிடித்துக்கொள்ளும், மெலிந்ததை விழுங்கிவிடும். வலு என்பது வாட்டை மட்டும் பொறுத்ததில்லை, தூரத்தையும் பொறுத்தது. தடையில்லா வெளியில் கணக்குப் போட்டால், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 10 கிலோவாட்டும் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் 10 மில்லிவாட்டும் சமம்! பூமியின் வளைவு தூரத்து அலையை இன்னும் மெலிய வைக்கும். ஆகவே அந்தப் பையன் ஜெயித்ததில் அதிசயம் எதுவுமில்லை.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் சென்னையில்தான் தொடங்கியது. அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். சிறு நிலையங்களுக்குக் கதவு திறந்தது 2002 டிசம்பரில், அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் 90.4-இல் ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் அனுமதி. வழக்கமான வரம்பு 100 வாட், ஆண்டெனா 30 மீட்டர். அதே 2006-இல், பீகாரின் மன்சூர்பூரில் ராகவ் மகதோ என்ற மெக்கானிக் தன் கடையிலிருந்து உரிமமின்றி நடத்திவந்த நிலையத்தை அரசு மூடியது.

அமெரிக்காவில் இதே 100 வாட்டுக்குப் பத்து வருஷச் சண்டை. 2000-இல் குறைந்த சக்தி நிலையங்களுக்கு அனுமதி தந்ததும், இடையூறு வரும் என்று பெரிய ஒலிபரப்பாளர்கள் கிளம்பினார்கள். அந்த ஆண்டே நாடாளுமன்றம் கட்டுப்பாடு போட்டது. அலைவரிசையில் மூன்று படி தள்ளியிருக்கும் சிறு நிலையத்தால் பெரிய பாதிப்பில்லை என்று மைட்டர் நிறுவனத்தின் ஆய்வு 2003-இல் சொல்லிவிட்டது. சட்டம் மாற 2011 ஆனது.

தூரத்து நேயருக்காக அழுதவர்கள் உண்மையில் யாருக்காக அழுதார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தத் தூரத்து நேயர் நாங்கள்தானே! எந்த நிலையத்துக்கும் பாதுகாப்பு, அதன் சேவை எல்லைக்குள் மட்டும்தான். மூங்கில் கழியில் கம்பி கட்டிக் கேட்பது எங்கள் சாமர்த்தியம், உரிமை இல்லை.

அப்பா அந்தப் பையனைத் திட்டவில்லை. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டார்: "ஆரணியில இன்னைக்குப் பட்டு நூல் என்ன விலைன்னு அதுல சொல்லுவியாடா?"