தஃப்தரில் இருக்கும் பாட்டியார்

"நம் பாட்டனாரின் தாயாருடைய பெயர் என்ன?" என்று தங்கள் இல்லங்களில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கேட்டோம். மூவர் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். ஆனால் அவருடைய கணவர் பெயரையும், அவர் எந்தெந்த நிலத்தை விற்றார் என்பதையும் ஒருவரும் மறக்கவில்லை. நிலத்திற்குப் பத்திரம் இருக்கிறது; பாட்டியாருக்கு என்ன இருக்கிறது?

பெண்களின் பெயர் விடுபடுவது இன்று தொடங்கிய வழக்கமன்று. நம் பழையசீவரத்திற்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழரின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அங்கே இயங்கியதை அது கூறுகிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டரின் பெயர் ஊரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த பெண்கள் இருவருக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் மட்டும் இல்லை. கணக்கெழுதியவருக்கு அவை தேவைப்படவில்லை போலும்!

இதற்கு மாறாக, உறவினர் ஒருவர் அக்கறை கொண்டதால் மீண்டும் பேசப்பட்ட வாழ்வு ஒன்றும் நம் சமுதாயத்தில் உண்டு. நாகூரைச் சேர்ந்த மர்ஹூமா சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1917இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பைச் சுமந்தவர். அந்நிலையிலும் எழுதினார். 1938இல் அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் நாவல் வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் அவர்களே அதற்கு மதிப்புரை வழங்கினார்கள் என்றால், அந்த எழுத்தின் தரத்தை நாம் உணர்ந்துகொள்ளலாம். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவரைப் போற்றுகிறார்கள்.

அத்தகையவரையும் சமுதாயம் ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1998இல் அவர் மறைந்தார். அவருடைய உறவினரான எழுத்தாளர் நாகூர் ரூமி அவர்கள் அவரது வாழ்வையும் நூல்களையும் பற்றி எழுதி, இன்றைய வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்து செய்திருக்கக்கூடிய வேலைதான் அது. ஆயினும் வீட்டில் வளர்ந்த ஒருவருக்குத்தான் எந்தப் பெட்டியைத் திறப்பது, எவரிடம் கேட்பது என்பது தெரியும்.

நம் பாட்டிமார்கள் நாவல் எழுதியவர்கள் அல்லர். அதற்காக அவர்களைத் தேட வழியில்லை என்று எண்ண வேண்டாம். ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரே முதல் வழி. மணமகளின் பெயர், தகப்பனார் பெயர், மஹர் தொகை, வக்கீல், சாட்சிகள் என எல்லாம் அதில் இருக்கும். வாழ்நாள் முழுதும் 'இன்னாருடைய தாயார்' என்றே அழைக்கப்பட்ட பெண்மணி, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் தம் சொந்தப் பெயரோடு நிற்கிறார். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய குடும்ப அட்டை, பாகப்பிரிவினைப் பத்திரம், கபர்ஸ்தானின் மீஸான் கல் ஆகியவையும் உதவும். இவை அனைத்தையும்விட முந்திக்கொள்ள வேண்டியது, எண்பது வயதைக் கடந்த நம் பெரியவர்களிடம் அமர்ந்து கேட்பது. தஃப்தரைக் கரையான் அரிக்கும் முன்பு படம் எடுத்துவிடலாம். அவர்கள் நினைவுக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் பாட்டனாரின் தாயாரைத் தஃப்தரில் தேடினோம். மை மங்கிய பக்கம், ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. மஹர் தொகையைப் படிக்க முடியவில்லை. பெயரைப் படிக்க முடிந்தது. வீட்டில் மூவரும் சொன்ன மூன்றில் ஒன்றுகூட அது இல்லை.