வீட்டு வெப்ப எக்கி: பழுதுபார்த்தலும் மாற்றீடும்

வெப்ப எக்கி என்பது குளிர்ந்த ஓரிடத்திலிருந்து வெப்பத்தை எடுத்து, அதைவிட வெப்பமான வேறோரிடத்துக்கு மாற்றும் பொறி ஆகும். ஆங்கிலச் சொல்லை ஒட்டி இது ஹீட் பம்ப் என்றும் அழைக்கப்படுகிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களில் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் காணப்படும் ஸ்பிளிட் ஏ.சி.யும் இதே தத்துவத்தில் இயங்குவதே. ஆனால் ஏ.சி. பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே மட்டுமே வெப்பத்தைக் கடத்தும். வெப்ப எக்கி இரு திசைகளிலும் கடத்த வல்லது.

இப்பொறி பழுதடையும்போது அதைப் பழுதுபார்ப்பதா, புதிதாக மாற்றுவதா என்னும் கேள்வி எழுகிறது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ள, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைப் பெறும் வகையை முதன்மையாகக் கொண்டு அதனை விளக்குகிறது.

வரலாறு

வெப்ப எக்கியின் கோட்பாட்டை, பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1852 இல் விளக்கினார். 1850களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பீட்டர் ஃபொன் ரிட்டிங்கர் உப்புக் காய்ச்சும் தொழிலுக்காக இத்தகைய பொறி ஒன்றை அமைத்தார். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அமெரிக்க வீடுகளில் இதன் பயன்பாடு பெருகியது.

இயங்கும் முறை

வெப்ப எக்கியில் வெளிப்பகுதி, உட்பகுதி என இரு பகுதிகள் உள்ளன. இவற்றைச் செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. குழாய்களுள் குளிர்பதனப் பொருள் சுற்றி வருகிறது. இது மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் ஆவியாகக் கூடியது. ஆதலால், வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் அதிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி இந்த ஆவியை அழுத்தி, அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. சூடான ஆவி உட்சுருளில் திரவமாகி, வெப்பத்தை வீட்டின் காற்றுக்குக் கொடுக்கிறது. பின்னர் விரிவாக்க வால்வு அதன் அழுத்தத்தைக் குறைக்க, சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. கோடையில் திசைமாற்று வால்வு இவ்வோட்டத்தைத் திருப்பிவிடுகிறது.

பொறி வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு 2 முதல் 4 அலகு வரை வெப்பம் கிடைப்பது வழக்கம். இவ்விகிதம் செயல்திறன் கெழு எனப்படும். வெளிக்காற்று குளிரக் குளிர இக்கெழு குறையும். கடுங்குளிரில் ஏற்படும் பற்றாக்குறையை ஈடுசெய்ய, பல வீடுகளில் மின்தடைக் கம்பிகளால் ஆன துணைச் சூடாக்கி பொருத்தப்பட்டிருக்கும். அதன் செயல்திறன் கெழு 1 மட்டுமே.

பழுதெனத் தவறாகக் கருதப்படுபவை

பின்வருவன இயல்பான நிகழ்வுகள். இவற்றுக்குப் பழுதுபார்ப்பு தேவையில்லை.

- வெதுவெதுப்பான காற்று: எரிவாயு உலையிலிருந்து வரும் காற்றை விட வெப்ப எக்கியிலிருந்து வரும் காற்று வெப்பம் குறைந்தது. அது உடல் வெப்பநிலையை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழாகவோ இருந்தால், கையில் படும்போது குளிர்வதுபோல் தோன்றலாம்.
- நீண்ட நேர ஓட்டம்: கடுங்குளிர் நாட்களில் பொறி இடைவிடாது ஓடுவது இயல்பு.
- உறைபனியும் நீராவியும்: குளிர்காலத்தில் வெளிச்சுருளில் மெல்லிய உறைபனி படியும். பொறி தன் ஓட்டத்தைச் சில நிமிடங்களுக்குத் திருப்பி அதனை உருக்கும். அப்போது வெளி விசிறி நின்று, நீராவி புகைபோல் எழும்.

இதற்கு மாறாக, வெளிப்பகுதி முழுவதையும் தடித்த பனிக்கட்டி மூடி, மணிக்கணக்கில் கரையாதிருப்பின் அது பழுதே ஆகும்.

பொதுவான பழுதுகள்

காற்றோட்டத் தடை: வடிகட்டியில் தூசி அடைவது மிகப் பொதுவான காரணம். காற்றோட்டம் குறையும்போது அமுக்கியின் சுமை கூடுகிறது. வெளிச்சுருளை இலைகளோ பனியோ மூடுவதும் இத்தகையதே.

மின்தேக்கி: அமுக்கியும் விசிறி மின்னோடியும் தொடங்கி ஓட மின்தேக்கி உதவுகிறது. வெப்பத்தினாலும் வயதினாலும் இதன் கொள்திறன் குறைகிறது. பொறி முனகும் ஒலியுடன் தொடங்காமல் நிற்பது இதன் அறிகுறி. இது விலை குறைந்த உறுப்பு, மாற்றுவதும் எளிது. ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் இதில் மின்னூட்டம் தங்கியிருந்து ஆபத்தை விளைவிக்கக் கூடும்.

குளிர்பதனப் பொருள் கசிவு: குளிர்பதனப் பொருள் எரிபொருள் போலச் செலவாவதில்லை. அது குறைந்துள்ளதெனில் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைக் கண்டறியாமல் ஆண்டுதோறும் நிரப்புவது செலவை மட்டும் கூட்டும். குறைந்த நிலையில் ஓடும் அமுக்கியும் சூடேறிச் சேதமடையும்.

திசைமாற்று வால்வும் உறைபனி நீக்கக் கட்டுப்பாடும்: வால்வு சிக்கிக்கொண்டால் பொறி ஒரு திசையில் மட்டுமே இயங்கும். உறைபனி நீக்க உணரி பழுதானால் வெளிச்சுருள் பனிக்கட்டியாக உறையும்.

அமுக்கி: இது பொறியின் விலையுயர்ந்த உறுப்பு. இதன் மின்சுருள் எரிந்தால் குளிர்பதனச் சுற்றுள் அமிலம் உருவாகலாம். அதனைத் தூய்மை செய்யாது புதிய அமுக்கியைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும்.

துணைச் சூடாக்கி மறைக்கும் பழுது

வெப்ப எக்கி நின்றுபோனாலும் துணைச் சூடாக்கி இயங்கி வீட்டைச் சூடாக வைத்திருக்கக் கூடும். இதனால் பல வாரங்கள் வரை பழுது தெரியாமலே போகலாம். மின்கட்டணம் வந்த பின்னரே வீட்டார் அறிவர். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 12,000 கிலோவாட் மணி வெப்பம் தேவை எனவும், மின்சாரம் கிலோவாட் மணிக்கு 15 சென்ட் எனவும் கொள்வோம். சராசரிக் கெழு 2.4 உள்ள வெப்ப எக்கிக்கு 5,000 கிலோவாட் மணி, அதாவது 750 டாலர் செலவாகும். துணைச் சூடாக்கியால் மட்டும் அதே வெப்பத்தைப் பெற 1,800 டாலர் செலவாகும். ஆகவே மிதமான குளிரிலும் தெர்மோஸ்டாட்டில் துணைச் சூடாக்கிக் குறியீடு அடிக்கடி தோன்றுவது கவனிக்க வேண்டிய அறிகுறி ஆகும்.

வீட்டார் செய்யக் கூடியவை

- வடிகட்டியைக் குறித்த காலத்தில் தூய்மை செய்தல் அல்லது மாற்றுதல்
- வெளிப்பகுதியைச் சுற்றியுள்ள செடிகொடிகளையும் பனியையும் அகற்றுதல்
- தெர்மோஸ்டாட்டின் அமைப்பையும் அதன் மின்கலங்களையும் சரிபார்த்தல்
- மின்சுற்று முறிப்பான் விழுந்துள்ளதா எனப் பார்த்தல்

முறிப்பான் விழுந்திருந்தால் ஒரு முறை மீண்டும் இடலாம். மறுபடியும் விழுந்தால் அதனைத் திரும்பத் திரும்ப இடுதல் கூடாது. வெளிச்சுருளில் உள்ள பனிக்கட்டியைக் கூரிய கருவிகளால் தட்டி உடைப்பதும் தவறு. மெல்லிய குழாய்கள் துளைபட்டுக் குளிர்பதனப் பொருள் முழுவதும் வெளியேறிவிடும்.

குளிர்பதனச் சுற்றைத் திறக்கும் பணிகளை வீட்டார் செய்ய இயலாது. அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டத்தின் 608 ஆம் பிரிவின்படி, சான்றிதழ் பெற்றவர்களே அப்பணியைச் செய்யலாம். குளிர்பதனப் பொருளை வேண்டுமென்றே காற்றில் கலக்கவிடுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

குளிர்பதனப் பொருள் வகையும் முடிவும்

பொறியில் உள்ள குளிர்பதனப் பொருளின் வகை, பழுதுபார்க்கும் செலவைப் பெரிதும் பாதிக்கிறது. பழைய பொறிகளில் ஆர்-22 பயன்பட்டது. இது ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், 1987 இல் உருவான மொண்ட்ரியால் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் இதன் புதிய உற்பத்தியும் இறக்குமதியும் நின்றன. மீட்டுத் தூய்மை செய்யப்பட்ட ஆர்-22 ஐப் பயன்படுத்தலாம்; எனினும் அதன் விலை அதிகம். எனவே ஆர்-22 பொறியில் பெரிய கசிவு ஏற்பட்டால், மாற்றுவதே பெரும்பாலும் ஏற்றது.

ஆர்-22 க்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் அதன் புவி சூடாக்கும் திறன், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 2,088 மடங்கு. அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் உற்பத்தியாகும் புதிய வீட்டுப் பொறிகளில் இத்திறன் 700 க்கு மேற்படாத பொருட்களே இடம்பெறுகின்றன. அவற்றுள் ஆர்-32, ஆர்-454பி ஆகியன முதன்மையானவை. இவை சிறிதளவு தீப்பற்றும் தன்மை உடையவை. ஆதலால் பழைய ஆர்-410ஏ பொறிகளில் இவற்றை நிரப்புதல் கூடாது. இவ்விதியால் ஏற்கனவே உள்ள ஆர்-410ஏ பொறியைக் கைவிட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதனைத் தொடர்ந்து பழுதுபார்க்கலாம்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா

காற்றிலிருந்து வெப்பம் பெறும் எக்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைக்கும் எனக் கொள்வது வழக்கம். உப்புக்காற்று வீசும் கடற்கரைகளில் இது குறையும். நிலத்தடியிலிருந்து வெப்பம் பெறும் வகையில், வீட்டினுள் உள்ள உறுப்புகள் 24 ஆண்டுகள் வரையும் நிலத்தடிக் குழாய்கள் 50 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக் கூடும் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. ஆகவே அவ்வகையில் பொறியை மட்டும் மாற்றிக் குழாய்களை வைத்துக்கொள்வதே இயல்பு.

அமெரிக்காவில் வழங்கும் ஒரு கைக்கணக்கு 5,000 விதி எனப்படுகிறது. பொறியின் வயதைப் பழுதுபார்க்கும் செலவால் பெருக்க வரும் தொகை 5,000 டாலரை விஞ்சினால் மாற்றலாம் என்பது இவ்விதி. இது நினைவிற் கொள்ள எளிது. ஆனால் பொறியின் விலையையும் எஞ்சிய ஆயுளையும் இது கருதுவதில்லை. விலைவாசி உயர உயர, சிறிய பழுதுகளுக்கும் மாற்றுமாறு சொல்லும் குறை இதற்கு உண்டு.

ஓர் ஆண்டுப் பயனுக்கு ஆகும் செலவை ஒப்பிடுவது இதனினும் பொருத்தமானது. புதிய பொறியின் விலை 9,000 டாலர், ஆயுள் 15 ஆண்டுகள் எனக் கொண்டால், ஆண்டுக்கு 600 டாலர் ஆகிறது. பின்வரும் இரு நிலைகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

- 8 ஆண்டு பழைய பொறி, செலவு 1,200 டாலர்: இன்னும் 7 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 171 டாலர். 5,000 விதிப்படி பெருக்குத்தொகை 9,600. எனவே மாற்ற வேண்டும். ஆண்டுக் கணக்கின்படி பழுதுபார்ப்பதே இலாபம்.
- 14 ஆண்டு பழைய பொறி, அமுக்கி மாற்ற 3,500 டாலர்: இன்னும் 3 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,167 டாலர். இரு கணக்குகளும் மாற்றுவதையே காட்டுகின்றன.

மின்சாரச் சேமிப்பையும் இதனுடன் சேர்க்க வேண்டும். மேற்கூறிய வீட்டில் கெழு 2.4 இலிருந்து 3 ஆக உயர்ந்தால் 1,000 கிலோவாட் மணி, அதாவது ஆண்டுக்கு 150 டாலர் மிஞ்சும். முதல் நிலையில் இதனைப் பழைய பொறியின் கணக்கிற் கூட்டினாலும் 321 டாலரே ஆகிறது. அது 600 ஐ விடக் குறைவு. நன்கு இயங்கும் பொறியை மின்சாரச் சேமிப்புக்காக மட்டும் மாற்றினால், போட்ட பணம் திரும்ப 60 ஆண்டுகள் ஆகும். கெழு மிகத் தாழ்ந்த பழைய பொறிகளிலும், மின்கட்டணமும் குளிரும் மிகுந்த இடங்களிலும் இக்கணக்கு மாறும். எஞ்சிய ஆயுள் என்பது மதிப்பீடே என்பதும் கருதத்தக்கது.

உத்தரவாதத்தையும் முதலில் பார்த்தல் வேண்டும். பல உற்பத்தியாளர்கள், பொறுத்திய பின் பதிவு செய்யப்பட்ட பொறிகளின் உறுப்புகளுக்கு 10 ஆண்டு உத்தரவாதம் தருகின்றனர். ஆனால் கூலி பெரும்பாலும் அதில் அடங்காது.

நோயறிதலை உறுதி செய்தல்

அமுக்கி போய்விட்டது என்னும் முடிவு மாற்றீட்டுக்கே இட்டுச் செல்வதால், அது சரிதானா என உறுதி செய்வது முதன்மையானது. பழுதான மின்தேக்கியும் அமுக்கியை ஓடவிடாது. இரண்டின் அறிகுறியும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. மின்தேக்கியின் கொள்திறன், அமுக்கிச் சுருளின் மின்தடை, குளிர்பதன அழுத்தம் ஆகிய அளவீடுகளை எழுத்தில் கேட்டுப் பெறலாம். பெருஞ்செலவு எனில் வேறொருவரின் கருத்தையும் பெறுவது நன்று.

நடுக்குளிரில் பொறி நின்றால் வீட்டார் அவசரமாக முடிவெடுக்க நேர்கிறது. தெர்மோஸ்டாட்டில் உள்ள அவசரச் சூடாக்கல் நிலை அமுக்கியை நிறுத்தித் துணைச் சூடாக்கியை மட்டும் இயக்கும். சில நாட்களுக்கு இதன் செலவு தாங்கக் கூடியதே. அக்காலத்தில் இரண்டு மூன்று விலைப்புள்ளிகளைப் பெற்று ஒப்பிடலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

- பழைய பொறியின் அளவையே மீண்டும் வாங்காது, வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்கிட வேண்டும். வெப்பக்காப்பும் சன்னல்களும் மேம்பட்டிருந்தால் சிறிய பொறியே போதும். அளவுக்கு மிஞ்சிய பொறி அடிக்கடி நின்று தொடங்கி விரைவில் தேயும்.
- வெளிப்பகுதியும் உட்பகுதியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் குறித்த செயல்திறன் கிடைக்காது போகலாம்.
- கசியும் காற்றுக் குழல்களைச் சரிசெய்யாவிடில் புதிய பொறியின் பயன் குறையும்.
- பழைய பொறியில் உள்ள குளிர்பதனப் பொருளை முறைப்படி மீட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெப்ப எக்கிச் செலவில் 30 விழுக்காடு, உச்ச அளவாக 2,000 டாலர் வரை நடுவண் அரசின் வரிக்கழிவு கிடைத்தது. 2025 இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இச்சலுகை அவ்வாண்டு டிசம்பர் 31 உடன் முடிவுற்றது. மாநிலங்களும் மின்வழங்கு நிறுவனங்களும் தரும் சலுகைகள் இடத்துக்கு இடம் வேறுபடும்.

இவற்றையும் பார்க்க

- வெப்ப இயக்கவியல்
- காற்றுப் பதனம்
- மொண்ட்ரியால் உடன்படிக்கை
- வெப்பக்காப்பு