எல்லை தாண்டாத நட்டம்

ஆங்கிலச் சட்ட மரபுள்ள நாடுகளில் கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் ஊரிகம் என்ற பெயரை ஒருமுறையாவது படித்திருப்பார்கள். ஊரிகம் தங்கச் சுரங்கக் கம்பெனிக்கும் ரோப்பர் என்ற பங்குதாரருக்கும் நடந்த வழக்கில் 1892இல் லண்டன் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் ஒரு நிலையமாகவும், ஒரு காலத்தில் சுரங்கமாகவும் விளங்கிய ஊர் அது. அந்த ஊரின் பேரில் லண்டனில் நடந்த கம்பெனி முதலில் கண்டது நட்டத்தைத்தான், தங்கத்தை அல்ல.

1880 வாக்கில் தென்னிந்தியத் தங்கத்தின் மேல் லண்டனுக்குப் பெரும் பித்து பிடித்திருந்தது. வயநாட்டுக்கும் கோலாருக்கும் கம்பெனிகள் அடுத்தடுத்துப் பதிவாயின. வயநாட்டில் போட்ட பணம் பெரும்பாலும் மண்ணாகப் போனது. கோலாரிலும் முதல் சில ஆண்டுகள் அதே கதைதான். 1885இல் ஊரிகம் கம்பெனியின் ஒரு பவுண்டு பங்கு, சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்கு வந்து நின்றது. கையில் பணமில்லை, கடன் கொடுப்பாரும் இல்லை. இயக்குநர்கள் ஒரு வழி கண்டார்கள். புதிதாக ஒரு பவுண்டு பங்குகளை வெளியிட்டு, அவற்றில் 15 ஷில்லிங் ஏற்கெனவே கட்டியாயிற்று என்று எழுதிக்கொண்டு, 5 ஷில்லிங்கை மட்டும் வாங்கினார்கள். கம்பெனி பிழைத்தது. பக்கத்து மைசூர் சுரங்கத்தில் கேப்டன் பிளம்மர் சாம்பியன் தாதுப் படிவைக் கண்டுபிடித்திருந்தார். அதன் தொடர்ச்சி ஊரிகத்திலும் கிடைத்ததும் பங்கு விலை ஏறியது. அதன் பிறகுதான் ரோப்பர் வழக்குப் போட்டார். ஏற்பாடு நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது என்பதையும், அதனால் கம்பெனிக்கு நன்மை விளைந்தது என்பதையும் நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பங்கைத் தள்ளுபடியில் விற்கக் கம்பெனிக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தார்கள்.

நட்டத்தை யார் கணக்கில் எழுதலாம், யார் கணக்கில் எழுதக்கூடாது என்ற கேள்வி இப்படித் தொடங்கியது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அது தங்கவயலை விடவில்லை.

மைசூர் அரசுக்குச் சேரவேண்டிய ராயல்டியையே எடுத்துக்கொள்வோம். வெட்டி எடுத்த தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 பங்கு. அந்த ஆண்டு கம்பெனிக்கு லாபமா நட்டமா என்ற கேள்விக்கு இதில் இடமில்லை. தங்கம் வெளியே வந்தால் பங்கு கொடுத்தாக வேண்டும். லண்டன் வருமான வரியோ வேறு வகையில் இறுக்கியது. சுரங்கக் கிணறு தோண்டிய செலவு முதலீட்டுச் செலவு, அதை ஆண்டு லாபத்தில் கழிக்க முடியாது என்று கோல்ட்னஸ் இரும்புக் கம்பெனி வழக்கில் 1881இலேயே பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. சுரங்கம் தீரத் தீர அதன் மதிப்பும் தீர்கிறது. அந்தத் தேய்வு வரிக் கணக்கில் சேரவில்லை. 1945இல் பிரிட்டனில் புதிய சட்டம் வந்து சுரங்கங்களுக்குச் சலுகை தரும்வரை இதுதான் நிலை. அதற்குள் சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது.

கம்பெனிகளின் கணக்கு லண்டனில் தீர்ந்தது. கோலாருக்கும் வட ஆர்க்காட்டுக்கும் நடுவே ஓடிய எல்லையில் சிக்கியது சின்ன வியாபாரிகளின் கணக்குத்தான். சுரங்க வேலைக்கு வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னாலேயே மளிகைக்காரரும் ஜவுளிக்காரரும் வட்டிக்குக் கொடுப்பவரும் வந்தார்கள். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடைவீதி வளர்ந்தது. ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் குப்பம்வரை சென்னை மாகாணம். அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் மைசூர் சமஸ்தானம் தொடங்கிவிடும். பௌரிங்பேட்டையில் வண்டி மாறினால் ஊரிகம். பயணிக்கு இது அரை நாள் வழிகூட இல்லை. வரிச் சட்டத்துக்கு அது வேறொரு தேசம்.

1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. மைசூருக்குத் தனி வருமான வரிச் சட்டம் இருந்தது. 1939இல் பிரிட்டிஷ் இந்தியச் சட்டத்தை விரிவாகத் திருத்தியபோது, இங்கே வசிப்பவரின் வெளிநாட்டு வருமானமும் கணக்கில் சேர்ந்தது. ஆனால் சமஸ்தானங்களில் கிடைத்த வருமானத்துக்கு 14ஆம் பிரிவில் விலக்கு தந்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்தப் பணத்தை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் வரி.

குடியாத்தத்தில் குடியிருந்து, அங்கே ஒரு ஜவுளிக் கடையும் ஊரிகத்தில் ஒரு கிளையும் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். குடியாத்தத்தில் அவருக்கு 3,000 ரூபாய் லாபம். ஊரிகத்தில் சுரங்கத்து ஆட்கள் கடன் தீர்க்காமல் ஊர் போய்விட்டதால் 2,000 ரூபாய் நட்டம். அவர் கையில் மிஞ்சியது ஆயிரம். வரி எதற்கு, ஆயிரத்துக்கா மூவாயிரத்துக்கா?

வியாபாரிகள் சொன்ன வாதம் எளியது. சட்டம் விலக்கியது வருமானத்தைத்தான், நட்டத்தை அல்ல, ஆகவே கழிக்கலாம் என்றார்கள். விலக்குப் பெற்ற வருமானத்தின் நட்டத்துக்கும் இங்கே வேலையில்லை என்றது வரித் துறை. 1940களில் 24ஆம் பிரிவில் ஒரு காப்பு வாசகம் சேர்த்து இந்த வழியை அடைக்கப் பார்த்தார்கள். சமஸ்தானத்தில் வந்த நட்டத்தைச் சமஸ்தானத்தில் வந்த, வரி விலக்குள்ள லாபத்தில் மட்டுமே கழிக்கலாம் என்றது அது. அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஜவுளிக்காரருக்கு வரி 3,000க்குத்தான்.

லாபத்துக்கு வரி இல்லையென்றால் நட்டத்துக்குக் கழிவும் இல்லை என்பது நியாயமான விதி. அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஊரிகத்து லாபத்தைக் குடியாத்தத்துக்குக் கொண்டுவந்த அன்றே அதற்கு வரி விழுந்துவிடும். பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவோ, சொந்த ஊரில் வீடு கட்டவோ, அந்தப் பணம் என்றைக்காவது வந்துதான் ஆகவேண்டும். அப்போது லாபம் எல்லை தாண்டியது, நட்டம் மட்டும் அந்தப் பக்கமே நின்றது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை என்பதுதான் இந்தச் சட்டத்தின் உண்மையான குறை.

இதே கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. அது வந்தது மைசூரிலிருந்து அல்ல, பரோடாவிலிருந்து. அகமதாபாத்தின் கரம்சந்த் பிரேம்சந்த் கம்பெனி ஆலைகளுக்கு நிர்வாக முகவராக இருந்தது. பரோடா சமஸ்தானத்தில் மருந்து, ரசாயனத் தொழிலும் நடத்தியது. அந்தத் தொழிலில் நட்டம். 1947ஆம் ஆண்டின் வணிக லாப வரிச் சட்டம், சமஸ்தானத்தில் கிடைக்கும் வணிக வருமானத்துக்குத் தான் பொருந்தாது என்று சொல்லியிருந்தது. 1960இல் தீர்ப்பு வந்தது. சட்டம் ஒதுக்கியது பரோடாவின் வருமானத்தை மட்டுமே, தொழிலையே ஒதுக்கவில்லை. ஆகவே நட்டத்தைக் கழிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. வருமான வரிச் சட்டத்தில் இருந்ததுபோன்ற காப்பு வாசகம் இந்தச் சட்டத்தில் இல்லை. ஒரு வாசகம் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் எவ்வளவு பணம் கை மாறியது என்பதற்கு இந்த வழக்கே சான்று.

அந்தத் தீர்ப்பு வந்தபோது சமஸ்தானங்களே இல்லை. 1950 ஏப்ரல் 1 முதல் இந்திய வருமான வரி மைசூருக்கும் வந்துவிட்டது. குடியாத்தமும் ஊரிகமும் ஒரே கணக்கில் சேர்ந்தன.

எல்லை போனதே தவிர, கேள்வி போகவில்லை. அடுத்து அது சென்னையில் எழுந்தது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகிச் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அதன் விளைவாக வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயன்று 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி, மக்களின் வைப்புப் பணத்தில் ஒரு பகுதியை வரி விலக்குள்ள கடன் பத்திரங்களில் போட்டிருந்தது. வரியில்லாத வட்டியை ஈட்டத்தானே இந்தப் பகுதிப் பணம் உதவியது, அதற்காக வைப்பாளருக்குக் கொடுத்த வட்டியைச் செலவாகக் கழிக்கக்கூடாது என்றது வரித் துறை. 1965இல் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. வங்கித் தொழில் ஒன்றுதான், அதைக் கூறுபோட முடியாது என்றது. பத்து ஆண்டுக்குப் பின், 1975இல், ஹர்பிரசாத் கம்பெனி வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கம் பேசியது. மூலதன லாபத்துக்கு வரியே இல்லாத ஆண்டில் பங்கு விற்று நட்டப்பட்டவர், அந்த நட்டத்தை வரி உள்ள ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது தீர்ப்பு. செலவு வேறு, நட்டம் வேறு என்று சட்டம் படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். அது உண்மைதான். வரி கட்டுபவருக்கோ இரண்டும் ஒரே பையிலிருந்து போகும் பணம்.

இதே ஆண்டுகளில் ஊரிகம் சுற்றுவட்டாரத்தில் வேறு வகை நட்டம் விளைந்துகொண்டிருந்தது. 1956 நவம்பரில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தங்கம் கடைவீதிக்குப் போகவில்லை, அரசுக்கே போனது. அதற்குக் கொடுத்த விலை சர்வதேச நிதியம் ஏற்றிருந்த அதிகாரப்பூர்வ விலை. அவுன்ஸுக்கு 35 டாலர், அதாவது 1966 வரையிலான நாணய மதிப்பில் தோலாவுக்கு ரூ. 62.50. பம்பாய்ச் சந்தையில் அதே தோலா ஏறத்தாழ இரட்டிப்பு விலைக்குப் போனது. பாதி விலைக்குப் பொருளைக் கொடுத்துவிட்டு, ஆழம் கூடக் கூட ஏறும் செலவைச் சுமந்த சுரங்கம் ஏட்டில் நட்டம் காட்டியதில் வியப்பில்லை. வாங்கியவரும் விலை வைத்தவரும் சுரங்கத்தின் சொந்தக்காரரும் ஒருவரே. இந்தக் கணக்கைச் சொல்லாமல், தங்கவயலை வெறுமனே நட்டத்தில் ஓடிய சுரங்கம் என்று எழுதுவது சரியல்ல. பிறகு ஆழமும் தாதுவின் தரமும் உண்மையாகவே பின்னுக்கிழுத்தன, அதையும் மறைக்கக் கூடாது.

நட்டக் கம்பெனியை நல்ல கம்பெனியோடு இணைத்தால், சேர்ந்த நட்டத்தை நல்ல கம்பெனியின் லாபத்தில் கழிக்கலாம் என்று 1977இல் 72ஏ பிரிவு வந்தது. ஊரிகத்துக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதே நாளில் டெல்லியில் யஷ்வந்த் சின்ஹா பட்ஜெட்டை வாசித்தார். அந்த நிதி மசோதாவில்தான் 14ஏ பிரிவு இருந்தது. வரி விலக்குள்ள வருமானத்தை ஈட்டச் செய்த செலவைக் கழிக்க முடியாது என்றும், அது 1962 ஏப்ரல் 1 முதலே செல்லும் என்றும் அது சொன்னது. இந்தியன் வங்கி தீர்ப்பின் வழி அன்றோடு அடைபட்டது. அதைத் தொடர்ந்து இருபது ஆண்டுக்கு மேலாக வழக்குகள் நடந்தன. வேளாண் வருமானம் வைத்திருப்பவர்களும் பங்கு வைத்திருப்பவர்களும் அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டிருப்பார்கள்.

சுமார் 800 டன் தங்கம் வெளியே போன வட்டாரம் இது. பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் லண்டனிலும் பெங்களூரிலும் எங்காவது இருக்கும். ஊரிகத்திலும் ராபர்ட்சன்பேட்டையிலும் கடை நடத்தியவர்களின் பேரேடுகளும், அவர்களுக்கு வந்த வரி உத்தரவுகளும் எந்த ஆவணக் காப்பகத்திலும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து வீடுகளில் அப்படி ஒரு பழைய சிவப்பு அட்டைப் பேரேடு இருந்தால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையிடமாவது அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.