ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன்: விறைப்புக் கோளாறு

எஃகுச் சுருளுக்குப் பதிலாக எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் எடையைத் தாங்கும் கார்களில், நாளடைவில் மிருதுத்தன்மை குறைந்து வண்டி தூக்கிப்போடத் தொடங்குவதே விறைப்புக் கோளாறு. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1954 முதல் 2017 வரை விற்ற பல மாடல்களில் இது வழக்கமாக வரும். சுருள் தளர்ந்த சாதாரணக் கார் தாழ்ந்து உட்கார்ந்து தன் நோயைக் காட்டிவிடும். இந்தக் காரோ வாயு பாதி போன பிறகும் சரியான உயரத்தில் நிற்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாததால் டயரையும் புஷ்ஷையும் மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

தோற்றம்

இந்த அமைப்பு பால் மாஜெஸ் (1908–1999) என்பவரின் ஆக்கம். 1925-இல் சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்த மாஜெஸ் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். நிறுவனத்தை நடத்திவந்த பியர் பூலான்ஷே 1940-களில் அவரை ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் 2சி.வி. என்று பெயர் பெற்ற மலிவுக் காருக்கான சஸ்பென்ஷன் அப்போது அவர் முன் இருந்த வேலைகளுள் ஒன்று. எடை குறைந்த காரில் நான்கு பேர் ஏறினால் மொத்த எடை வெகுவாகக் கூடிவிடும். மெல்லிய சுருள் வைத்தால் ஆள் ஏறியதும் தாழ்ந்துபோகும். கனத்த சுருள் வைத்தால் ஆள் இல்லாதபோது குதிக்கும். சுமை கூடக்கூடத் தானே விறைப்பாகும் ஒரு வில் வேண்டும். அழுத்தப்பட்ட வாயுவுக்கு இந்தக் குணம் இயல்பாகவே உண்டு என்பதை மாஜெஸ் பிடித்துக்கொண்டார். 2சி.வி.க்கு விலை கட்டுப்படியாகாமல் சுருளே பொருத்தப்பட்டது. பூலான்ஷே 1950-இல் கார் விபத்தில் இறந்தார். வேலை நிற்கவில்லை.

1954-இல் டிராக்ஸியோன் 15-சிக்ஸ் எச் மாடலின் பின்சக்கரங்களுக்கு மட்டும் இது பொருத்தப்பட்டது. அது ஒரு வெள்ளோட்டம். 1955 அக்டோபர் 5 அன்று பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் டி.எஸ். 19 திரைவிலக்கப்பட்டது. வடிவம் ஃபிளாமினியோ பெர்தோனியுடையது. பொறியியல் பொறுப்பு ஆந்த்ரே லஃபேவ்ருடையது. முதல் நாளிலேயே 12,000 ஆர்டர்கள் குவிந்ததாக நிறுவனம் அறிவித்தது. நான்கு சக்கரங்களும் எண்ணெயில் மிதந்தன. ஸ்டீயரிங், பிரேக், கிளட்ச், கியர் மாற்றம் அனைத்தும் ஒரே பம்பின் அழுத்தத்தில் இயங்கின. ரகசியம் காக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், விற்பனையாளர்களின் மெக்கானிக்குகளுக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்படவில்லை. வாடிக்கையாளர் வண்டியோடு வந்து நின்றபோதுதான் அவர்களில் பலர் இந்தக் குழாய்களையே முதன்முதலாகப் பார்த்தார்கள். தொடக்க ஆண்டுகளின் கெட்ட பெயருக்கு இந்தப் பயிற்சியின்மையும் ஒரு காரணம்.

1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி-கிளமாரில் அதிபர் தெகோல் மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது, டயர்கள் துளைபட்டும் அவருடைய டி.எஸ். நிலைகுலையாமல் ஓடித் தப்பியது. இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் டி.எஸ். பற்றி எழுதுபவர் அரிது. 1965-இல் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ காரின் உயரத்தைச் சமன்படுத்தும் அமைப்புக்கு சிட்ரோயனின் உரிமம் வாங்கப்பட்டது. மெர்சிடிஸ் 1975-இல் 450 எஸ்.இ.எல். 6.9 மாடலுக்குத் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. ஆயினும் 1970-இல் வந்த ஜி.எஸ். என்ற சிறிய குடும்பக் காருக்கு இதை இறக்கியதே பெரிய சாதனை. அதன்பின் சி.எக்ஸ். (1974), பி.எக்ஸ். (1982), எக்ஸ்.எம். (1989), ஸான்டியா (1993) என்று வரிசை நீண்டது.

விறைப்பு வருவது ஏன்

ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுத்தரத் தேங்காய் அளவில் ஓர் எஃகு உருண்டை உண்டு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். உருண்டையின் கழுத்தில் உள்ள சிறு துளையும் தகட்டு வால்வுகளும் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுத்து டேம்பர் வேலையைச் செய்கின்றன. புதிய உருண்டையின் வாயு அழுத்தம் மாடலைப் பொறுத்தது: முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 25 முதல் 75 பார் வரை.

நைட்ரஜன் ரப்பர் வழியே மெல்ல மெல்ல வெளியேறும். இது பழுது அல்ல, ரப்பரின் இயல்பு. வாயு குறைந்தால் கார் சற்றுத் தாழ வேண்டும். ஆனால் உயரத் திருத்தி வால்வு உடனே கூடுதல் எண்ணெயைச் செலுத்திக் காரை மீண்டும் தூக்கி நிறுத்திவிடும். அதே எடையை இப்போது குறைந்த வாயு தாங்குகிறது. சுருங்க இடம் இல்லாததால் வில் விறைக்கிறது. சவ்வு கிழிந்துவிட்டாலோ வில்லே இல்லை. மிச்சம் இருப்பது டயரும் ரப்பர் தடுப்புக் கட்டையும்தான். மாற்றம் மாதக்கணக்கில் மெதுவாக நடப்பதால் தினமும் ஓட்டுபவருக்கு அது உறைப்பதில்லை.

கண்டறிதல்

முதலில் டயர் காற்று. அடுத்து உயரம். காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோல் சாதாரண நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, இன்ஜினை ஓடவிட்டு, மாடலுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். திருத்தியின் இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்து இறுகினால் கார் மிக உயர்ந்து நிற்கும். பள்ளத்தில் சக்கரம் கீழிறங்க இடமின்றி எல்லையில் போய் முட்டும். இதை உருண்டையின் குறை என்று நினைத்துவிடுவது எளிது.

பிறகு கை வைத்துப் பார்க்கும் சோதனை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது முன் பம்பரின் மேல் உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். நல்ல கார் கைக்குக் கீழே வழுக்கினாற்போல் இறங்கி, விட்டதும் ஒரே மூச்சில் எழும்பும். வாயு போன கார் பாறை போல நிற்கும். டயரின் பக்கச் சுவர் மட்டும் லேசாகப் பிதுங்கும். பின்புறத்தில் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்தால், கார் முதலில் தாழ்ந்து, சில விநாடிகளில் திருத்தி வேலை செய்து ஆளோடு சேர்த்து மேலே தூக்க வேண்டும்.

பம்பின் அருகே கேட்கும் "டிக்" ஒலி வேறு செய்தி சொல்கிறது. அழுத்தம் சுமார் 145 பாருக்கு இறங்கும்போது ரெகுலேட்டர் பம்பின் எண்ணெயைச் சேமிப்பு உருண்டைக்குத் திருப்பும். சுமார் 170 பாரில் நிறுத்தும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நலம். சில விநாடிகளுக்கு ஒருமுறை கேட்டால் சேமிப்பு உருண்டை செத்துவிட்டது, அல்லது எங்கோ உள்கசிவு. ஆனால் அந்த உருண்டையை மாற்றியதால் ஓட்டம் மிருதுவாகிவிடாது. அதன் வேலை அழுத்தத்தைச் சேமிப்பது மட்டுமே.

உருண்டைகள் புதியவை, விறைப்பு தீரவில்லை என்றால் ஐயம் மூன்று இடங்களில். பல மாடல்களின் உருண்டைகளுக்கு மரை ஒன்றே என்பதால், துளை சிறுத்த வேறு மாடல் உருண்டை ஏறியிருக்கலாம். பி.எக்ஸ்., ஸான்டியா போன்றவற்றில் பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் பேரிங்கில் நீர் புகுந்து கை இறுகும். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வதும் கிறீச்சொலியும் இதன் அடையாளம். எக்ஸ்.எம்.மில் தொடங்கிய ஹைட்ராக்டிவ் வகையில் ஒவ்வோர் அச்சுக்கும் மூன்றாவது உருண்டை ஒன்று உண்டு. மின்வால்வுக்கு மின்சாரம் கிடைத்தால்தான் அது இணையும். கிடைக்காவிட்டால் கார் விறைப்பு நிலையிலேயே தங்கிவிடும். அங்கே ஸ்பேனரை வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

பழைய உருண்டையில் வாயு ஏற்றித் தருவோர் உண்டு. சவ்வு முதுமையடைந்தபின் அது சில மாதச் சமாளிப்பே. ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்துப் புதிதாக மாற்றுவதே முறை. கழற்றுமுன் நெம்புகோலைத் தாழ்நிலைக்குக் கொண்டுவந்து ரெகுலேட்டரின் விடுவிப்புத் திருகைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்க வேண்டும். இந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். தாங்கு கட்டை வைக்காமல் காருக்கு அடியில் போகவே கூடாது. புதிய உருண்டையை, சீல் வளையத்தையும் மாற்றி, கையால் இறுக்கினால் போதும்.

திரவம்

ஆரம்பகால டி.எஸ். கார்களில் சிவப்புத் திரவம். அது ஈரத்தை உறிஞ்சி உட்பகுதிகளைத் துருப்பிடிக்க வைத்தது. 1966-இல் எல்.எச்.எம். என்ற பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தபின் தொல்லை பெரிதும் அடங்கியது. பச்சை அமைப்பில் சாதாரணப் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் எல்லாம் உப்பிக் கெடும். 2001-இன் சி5 முதல் எல்.டி.எஸ். என்ற மூன்றாவது திரவம். இவற்றை ஒன்றோடொன்று கலக்கலாகாது.

இன்றைய நிலை

2017-இல் சி5 உற்பத்தி நின்றதோடு சிட்ரோயன் இதைக் கைவிட்டது. திருவள்ளூரில் பூட்டப்பட்டு 2021-இல் இந்தியச் சந்தைக்கு வந்த சி5 ஏர்கிராஸில் இருப்பது எஃகுச் சுருளும் ஹைட்ராலிக் தடுப்பு சேர்த்த டேம்பருமே. கார்களுக்கு வெளியே இந்த வகை இன்னும் உண்டு: ஆவடியில் கட்டப்படும் அர்ஜுன் டாங்கி ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் கொண்டது.