அப்புச்சியின் அளவுகோல்

வெள்ளகோவிலில் என் அப்புச்சி, வீட்டுத் திண்ணையிலேயே ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். அவர் விட்டுச் சென்றவற்றில் என் பங்குக்கு வந்தது ஒரு பழைய சிக்னல் ஜெனரேட்டர். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நான் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

அந்தப் பெட்டி ஒரு குட்டி ரேடியோ நிலையம். பாட்டில்லை, பேச்சில்லை, வேண்டிய அலையை மட்டும் எழுப்பும். 1918-ல் அமெரிக்கரான ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த முறைப்படி, ரேடியோ எந்த நிலையத்தின் அலையையும் உள்ளே ஒரே இடைநிலை அலையாக மாற்றிக்கொள்கிறது. பெரும்பாலும் அது 455 கிலோ சைக்கிள். அந்த அளவுக்குச் சுருள்களைத் திருத்தவே இந்தப் பெட்டி. பெட்டியே பொய் சொன்னால்?

1924-ல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் ரேடியோ கிளப் கண்டு, 40 வாட் கருவியால் ஒலிபரப்பினார். பணமுடையால் 1927-ல் அது நின்றது. 1930-ல் சென்னை மாநகராட்சி தொடர்ந்தது. அகில இந்திய ரேடியோ 1938-ல் சென்னைக்கும், 1939-ல் திருச்சிக்கும் வந்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று கோவை ஜி. டி. நாயுடு 1941-ல் அறிவித்தார். ஆனால் கோவைக்கு நிலையம் வாய்த்தது 1966-ல்தான்.

திண்ணைக்காரர் ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போவார்? “முள்ளை நம்பாதே கண்ணு, திருச்சியைக் கேளு” என்பார் அப்புச்சி.

சில வருஷங்களுக்கு முன் நானும் கேட்டேன். பழைய கண்டென்சர்களை மாற்றி, ஒரு பல்பைத் தொடராகக் கோத்து மின்சாரம் கொடுத்தேன். பக்கத்து ரேடியோவில் திருச்சி, 936-ல். பெட்டி 468-ஐ எழுப்பினால் அதன் இரட்டிப்பு 936-ல் போய் மோத வேண்டும். முள்ளைத் திருப்பினேன். கீச்சென்று ஒரு சீழ்க்கை. அது தணிந்து, உறுமலாகி, அடங்கியது. அடங்கிய இடம்தான் சரியான 468. முள்ளோ 475-ஐக் காட்டியது!

எனக்குப் பகீரென்றது. ஊரார் நம்பிக் கொடுத்த ரேடியோக்களையெல்லாம் அப்புச்சி தவறாகவா திருத்தினார்?

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சில் எழுத்து: “திருச்சி - 6 கழிக்கவும்.”

இத்தனை வருஷத்தில் கூடியிருந்தது ஒன்றே ஒன்று. பென்சிலை எடுத்து, அதன் கீழே “7” என்று எழுதினேன்.