கோபுரம் குழியான கதை

டன்ஜன் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் இன்று வெளிச்சம் புகாத பாதாளச் சிறைதான் நினைவுக்கு வரும். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த நாளில் அது கோட்டையிலேயே உயரமான கட்டடத்தின் பெயர். கோட்டைக்குடையவன் குடியிருந்ததும், வெளிமதில் வீழ்ந்தால் கடைசியாக ஒதுங்கி நின்று போரிட்டதும் அந்தப் பெருங்கோபுரத்தில்தான். பிரெஞ்சில் தோன்ஜோன் இன்றும் அதையே குறிக்கிறது. தலைவனைச் சுட்டும் தோமினுஸ் என்ற லத்தீன் சொல்லே இதன் வேர் என்பது பெரும்பாலோர் முடிவு. இதை ஏற்காமல், சாணமிட்டு மூடிய நிலத்தடி அறையைக் குறித்த ஜெர்மானியச் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. அது சரியென்றால் குழிதான் மூலப்பொருள், கோபுரம் பிந்தியது என்றாகிவிடும். ஆனால் எழுத்துச் சான்று அதற்கு இடம் தரவில்லை. 1200ஆம் ஆண்டை ஒட்டி லத்தீனில் எழுதிய ஆர்த்ர் ஊர் லாம்பெர், பிரபு எழுப்பிய உயர்ந்த மண்மேட்டையே இந்தச் சொல்லால் குறிக்கிறார். கல்லுக்கு முந்தைய மரக்கோட்டைகளில் அத்தகைய மேட்டின் உச்சியில்தான் பிரபுவின் கோபுரம் நின்றது.

அப்படியானால் சொல் எப்படிக் கீழே இறங்கியது? கோபுரத்தில் கைதிகளை அடைத்தார்கள், அதனால் பெயர் மாறியது என்பது வழக்கமான பதில். அதில் பாதி உண்மை. 1070களில் தொடங்கிய லண்டன் வெள்ளைக் கோபுரத்தின் உயரம் சுமார் 27 மீட்டர். அடிச்சுவர் சில இடங்களில் நாலரை மீட்டர் கனம். வாசல் தரையில் இல்லை. மரப்படி ஏறி மேல்தளத்தில் நுழைய வேண்டும். ஆபத்து வந்தால் படியை அகற்றிவிடலாம். கிணறும் பண்டகசாலையும் இருந்த அடித்தளத்துக்கு உள்ளேயிருந்துதான் இறங்க வேண்டும். எதிரியை உள்ளே விடாத இந்த ஏற்பாடு, உள்ளிருப்பவனையும் வெளியே விடாது. ஆனால் பெரிய மனிதர்களை அடைத்தது அடித்தளத்தில் அல்ல. 1100இல் இங்கே சிறைப்பட்ட டர்ஹம் ஆயர் ரானுல்ஃப் ஃபிளாம்பார்ட், காவலர்களுக்கு மது வார்த்துவிட்டு, ஜன்னல் வழியே கயிற்றில் இறங்கித் தப்பினார். ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்பில் நைட் சொல்லும் கதையில் இரு வீரர்கள் அடைபட்ட பெருங்கோபுரத்துக்கும் டன்ஜன் என்றே பெயர். அங்கிருந்து ஒருவன் தோட்டத்தில் உலவும் பெண்ணைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறான். ஆக, சிறை என்ற பொருளுக்கு விளக்கம் கிடைக்கிறது; ஆழத்துக்குக் கிடைக்கவில்லை.

பிரெஞ்சு வழக்கு இன்னொரு தடை. வன்சேன் கோட்டையின் தோன்ஜோனும் சிறையாக இருந்ததே. 1749இல் தத்துவஞானி திதரோவை அங்கேதான் அடைத்தார்கள். ஆனாலும் சொல் அசையவில்லை. காரணம், சிறையறைக்கு பிரெஞ்சில் கஷோ, ஊப்லியெத் என்று தனிச்சொற்கள் இருந்தன. தோன்ஜோன் தன் வேலையை விட்டு நகர வேண்டிய தேவை எழவில்லை. ஆங்கிலத்திலோ கோபுரத்தைச் சொல்ல டவர் என்ற எளிய சொல் எல்லார் வாயிலும் இருந்தது. டன்ஜன் இரவல் சொல். தலைவனோடு அதற்கிருந்த உறவு ஆங்கிலக் காதில் விழவில்லை. வேலையின்றி நின்ற சொல்லுக்குச் சிறைவேலை வாய்த்தது. பிரபுக்கள் வசதியான மாளிகைகளுக்குக் குடிபெயர்ந்தபின், பல கோட்டைகளுக்கு மிஞ்சிய உபயோகமும் அதுதான். நாரிச் கோட்டை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சிறையாகவே நீடித்தது. பிற்காலத்தில் பாழ்கோட்டைகளைச் சுற்றிக்காட்டியவர்கள் பண்டகசாலையையும் கழிவுக்குழியையும்கூடச் சித்திரவதை அறையென்று காட்டினார்கள். ஆழத்தின் பெரும்பங்கு இவர்கள் தோண்டியது என்பேன்.

பெருங்கோபுரத்தைக் குறிக்கும் கீப் என்ற ஆங்கிலச் சொல் வந்து டன்ஜனைத் துரத்தியது என்று சொல்லலாமா என்றால், காலக்கணக்கு இடிக்கிறது. சிறைப்பொருள் 14ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டுகிறது. கோபுரத்துக்குக் கீப் என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. காலியாகிக்கொண்டிருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. இன்று கோட்டை வரலாறு எழுதும் ஆங்கிலேயரில் பலர், பெருங்கோபுரத்தைக் குறிக்க பிரெஞ்சு எழுத்துக்கூட்டுடன் தோன்ஜோனை மறுபடி இரவல் வாங்குகிறார்கள்.