கூஸ்பூலின் ஓடுபாதை

இங்கிலாந்தின் டீசைட் விமான நிலையத்தில் இன்று விடுமுறைக்குப் போகிறவர்கள் பெட்டிகளோடு நிற்கிறார்கள். 1941 ஜனவரியில் அது மிடில்டன் செயின்ட் ஜோர்ஜ் என்னும் குண்டுவீச்சு விமானத்தளமாகத் திறக்கப்பட்டது. ஊர்ச் சனங்கள் வைத்த பெயர் கூஸ்பூல்.

1943 முதல் அங்கிருந்து பறந்தவர்கள் கனடியர்கள். அவர்களுடைய லங்காஸ்டர்களில் பல, நம்மில் அநேகர் முதன்முதலாகக் கனடாவில் கால்வைத்த பியர்சன் விமான நிலையத்தின் பக்கத்திலேயே, மோல்டனில் செய்யப்பட்டவை. மொத்தம் 430 அங்கே உருவாயின.

அவற்றில் ஒன்று 1944 ஜூன் 12 இரவு பிரான்சிலுள்ள கம்பிரே ரயில் நிலையத்தை நோக்கிப் புறப்பட்டது. வழியில் ஜேர்மன் விமானம் தாக்கியதில் இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றுபோயின, தீ பற்றியது. குதிக்கும்படி விமானி கட்டளையிட்டார். மேல் துப்பாக்கிக் கூண்டிலிருந்த அன்ட்ரூ மைனார்ஸ்கி, வின்னிபெக்கில் குடியேறிய போலந்துக் குடும்பத்துப் பிள்ளை, வயது 27, கதவருகே வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், வால் கூண்டில் நண்பர் பற் பிரோஃபி சிக்கிக் கிடக்கிறார்.

நெருப்புக்குள்ளாகத் தவழ்ந்து போனார். கோடரியாலும் வெறுங்கையாலும் முயன்றார், கூண்டு அசையவில்லை. உடையும் பரசூட்டும் எரிந்தன. போய்விடு என்று பிரோஃபி சைகை காட்டினார். மைனார்ஸ்கி நண்பரை நோக்கியபடியே பின்வாங்கி, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயங்களால் இறந்தார். விமானம் தரையில் மோதியபோது வெளியே வீசப்பட்ட பிரோஃபியோ உயிர்பிழைத்தார்! அவர் சொல்லித்தான் இது உலகத்துக்குத் தெரியவந்தது. 1946இல் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்களுக்குக் குண்டுவீச்சு விமானக்காரரைப் புகழ்வது எளிதல்ல. அந்த விமானங்களின் கீழே ஜேர்மனியிலும் பல்லாயிரம் தாய்மாரும் பிள்ளைகளும் மாண்டார்கள். பறந்தவர்களிலும் 55,573 பேர் திரும்பவில்லை. மைனார்ஸ்கிக்குப் பதக்கம் கிடைத்தது குண்டு போட்டதற்காக அல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விமானப்படை 1964இல் வெளியேறியது. 1966இல் பயணிகள் நிலையம் திறந்தது. அதிகாரிகளின் உணவுமண்டபம் ஹோட்டலானது. அதன் முன்னே 2005இல் மைனார்ஸ்கியின் சிலையை நிறுத்தினார்கள்.

இங்கே ஹமில்டன் அருங்காட்சியகத்திலும், அவருடைய விமானத்தின் எழுத்துக்களைத் தாங்கிய லங்காஸ்டர் ஒன்று இன்னும் பறக்கும் நிலையில் இருக்கிறது. பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். வால் கூண்டு எவ்வளவு சிறியது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.